சுங்கை சிப்புட் அக்காவின் செடிக்கடை: வெயிலில் பழக்கிய கன்றுகள்

கறிவேப்பிலைக் கன்று வேண்டும் என்று கேட்டால், மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் இந்தச் செடிக்கடை அக்கா உடனே எடுத்துக் கொடுத்துவிட மாட்டார். வாசல் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது, காலை வெயிலா சாயங்கால வெயிலா, கூரை எவ்வளவு தூரம் நீட்டிக்கொண்டிருக்கிறது, தரை சிமெண்டா மண்ணா, வீட்டில் எலுமிச்சை ஏதும் வைத்திருக்கிறீர்களா என்று ஒவ்வொன்றாக விசாரிப்பார். அவசரத்தில் வந்தவர்களுக்கு எரிச்சலாக இருக்கும். எனக்கு அந்தக் கேள்விகளுக்காகவே கடையைப் பிடித்துப்போனது.

நான் தாமானில், அதாவது வரிசை வீட்டுக் குடியிருப்பில், வீட்டு வாசலிலேயே காலையில் பசியாறக் கடை போடுகிறேன். தோசை, இடியப்பம், நாசி லெமாக். தாளிக்கக் கறிவேப்பிலை, சோற்றுக்குப் பாண்டான் இலை, சம்பலுக்கும் சட்னிக்கும் மிளகாய், துவையலுக்குப் புதினா என்று தினமும் இலையும் காயும் வேண்டும். எங்கள் வீடு 20க்கு 65 அடி வரிசை வீடு. முன்னால் கார் நிறுத்துமிடம் முழுக்க சிமெண்ட், பின்னால் கால்வாயை ஒட்டி ஓர் ஆள் நடக்கும் அளவுக்கு மண். எஸ்டேட் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் குடியிருப்பில், வளர்ந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய குறை என்று தெரியும். லயத்து வீடு சின்னதுதான். ஆனால் பின்பக்கம் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு துண்டு நிலம் இருந்தது. வெண்டை, கத்தரி, அவரைப் பந்தல், மரவள்ளி, நாலு முருங்கை. தோட்டத்தை விற்று, லயத்தை இடித்து, எல்லாரும் தாமானுக்கு வந்த பிறகு காய்கறியை முழுக்க பாசாரில் வாங்கும் சனமாகிவிட்டோம். அப்படி வந்தவர்களுக்குப் பையிலும் தொட்டியிலும் பயிர் வைக்கச் சொல்லிக்கொடுக்கிற கடை இது. அதனால்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கடை சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ போகும் பழைய சாலையில் இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. கறுப்பு நிழல்வலை கட்டிய பந்தலும், சாலையோரமாக அடுக்கிய பொலிபேக் நாற்றுப்பைகளும்தான் அடையாளம். கந்தான் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் மலை தூரத்தில் வெள்ளையாகத் தெரியும். மற்ற செடிக்கடைகளில் வாசலிலேயே பூத்துக் குலுங்குகிற செடிகளை வைத்திருப்பார்கள். இங்கே வாசலில் நிற்பது மிளகாய் நாற்றும் கத்தரி நாற்றும்தான். பூச்செடி வேண்டுமென்றால் உள்ளே போக வேண்டும்.

அக்கா இளவயதில் தோட்டத்தில் நர்சரி வேலை பார்த்தவர். பாமாயில் தரும் செம்பனையின் நாற்றங்காலில் முளைவிட்ட விதையை முதலில் சின்னப் பையில் வைத்து, நிழலில் மூன்று மாதம் வளர்ப்பார்கள். பிறகு பெரிய பைக்கு மாற்றி, முக்கோண வரிசையில் இடைவெளி விட்டு, முழு வெயிலில் ஒரு வருடத்துக்குப் பக்கமாக வைத்திருப்பார்கள். அதற்கு நடுவே பல முறை கழித்துக்கட்டும் வேலை நடக்கும். இலை முறுக்கிக்கொண்டது, புல்லைப் போல ஒல்லியாகப் போனது, தலை தட்டையாக நின்றது, அண்டை அயலைவிடக் குட்டையானது எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிடுவார்கள். செம்பனை ஒரு தடவை நட்டால் இருபது, இருபத்தைந்து வருடம் நிற்கிற மரம். மோசமான கன்றை இரக்கப்பட்டு நட்டால் அத்தனை வருடமும் நட்டம்.

அந்தப் பழக்கத்தை அக்கா மிளகாய் நாற்றுக்கும் கொண்டுவந்துவிட்டார். ஒரு காலையில் நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். 104 குழி உள்ள நாற்றுத் தட்டு. ஒவ்வொரு நாற்றையும் அடியிலிருந்து விரலால் அழுத்தி மேலே தள்ளுகிறார். மண்கட்டி முழுசாக வருகிறதா, வேர் வெள்ளையாகச் சுற்றிலும் ஓடியிருக்கிறதா என்று பார்க்கிறார். கட்டி உதிர்ந்தால் மறுபடி குழியில் வைத்து, இன்னும் நாள் ஆகவில்லை என்கிறார். வேர் பழுப்பாக இருந்தால் பக்கத்து வாளிக்குள் போகிறது. பிறகு நுனி இலையை மட்டும் திருப்பிப் பார்க்கிறார். இலை ஓரம் மேல்நோக்கிச் சுருண்டால் பேன் பூச்சி, கீழ்நோக்கிக் கவிழ்ந்தால் சிலந்திப்பேன். இரண்டில் எது என்றாலும் அந்த நாற்று வாளிக்குத்தான். அந்தத் தட்டில் கால்வாசிக்கு மேல் வாளிக்குப் போய்விட்டது. பக்கத்தில் நின்ற பையன் ஒருவன், "அரை விலைக்குக் கொடுத்துடலாமே அக்கா" என்றான். "அதக் கொண்டுபோய் வெச்சு, மூணு மாசம் தண்ணி ஊத்தி, காய் வரலன்னா அந்தத் தண்ணிக்கு யாருப்பா காசு குடுப்பா?" என்று கேட்டார். அதோடு பேச்சு முடிந்தது.

நாற்று ஒன்று 60 சென். காலைச் சந்தையில் இதைவிடக் குறைந்த விலைக்கும் கிடைக்கும். ஆனால் இங்கே நிழலில் முளைத்ததை ஒரு வாரம் பாதி வெயிலிலும், அடுத்து முழு வெயிலிலும் வைத்துப் பழக்கிய பிறகுதான் விற்கிறார்கள். சந்தை நாற்று பளபளவென்று உயரமாக இருக்கும். வீட்டுக்குக் கொண்டுவந்து சிமெண்ட் தரையில் வைத்தால் இரண்டாம் நாளே தலை சாயும். அக்கா கடை நாற்று குட்டையாக, தண்டு தடித்து, இலை கொஞ்சம் கரடுமுரடாக இருக்கும். பார்க்க அழகில்லை. நட்ட அன்றைக்குச் சாயங்காலமே நிமிர்ந்து நிற்கும். என் வீட்டு வாசலில் 16க்கு 16 அங்குலப் பைகளில் குலாய் வகை மிளகாயும் சிலி பாடி என்ற ஊசி மிளகாயும் நிற்கின்றன. நல்ல பருவத்தில் சம்பலுக்கு வெளியே மிளகாய் வாங்குவதில்லை. மிளகாய் விலை ஏறுகிற தீபாவளி நேரத்தில் அது எவ்வளவு பெரிய உதவி என்று சமையல் தொழிலில் இருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இனி கறிவேப்பிலை. அக்காவிடம் இருப்பது ஒரே வகை. இலை சின்னது, கரும்பச்சை, காம்பு லேசாகச் சிவந்திருக்கும். பழைய லயத்து மரத்தின் வேரிலிருந்து கிளம்பிய கன்றுகளை, லயத்தை இடிப்பதற்கு முன்பே தோண்டி எடுத்துக்கொண்டு வந்தாராம். வேர்க்கன்று என்பதால் தாய்மரத்தின் வாசம் அப்படியே இருக்கிறது. அகலமான வெளிர்பச்சை இலைக் கன்றுகளைச் சில கடைகளில் பார்த்திருக்கிறேன். அவை வேகமாக வளரும், எண்ணெயில் போட்டால் சத்தம்தான் வரும், வாசம் வராது. இந்தக் கன்றின் இலையைக் கிள்ளினாலே விரலில் மணம் ஒட்டிக்கொள்ளும். சின்னப் பை 6 வெள்ளி, இடுப்பளவு வளர்ந்த பெரிய பை 18 வெள்ளி. விலை கொஞ்சம் கூடதான். வாசத்துக்காக நான் கொடுப்பேன்.

எலுமிச்சை இருக்கிறதா என்று அவர் கேட்பதற்குக் காரணம் உண்டு. கறிவேப்பிலையின் இளந்தளிரில் அரிசி நுனி அளவுக்கு ஒரு தத்துப்பூச்சி வந்து முட்டையிட்டுப் பெருகும். கறிவேப்பிலைக்கு அதனால் தளிர் சுருங்குவதோடு சரி. ஆனால் எலுமிச்சை, லீமாவ் கஸ்தூரி, ஆரஞ்சு வகைகளுக்கு இலை மஞ்சளாகித் திட்டுத்திட்டாகப் போய் மரமே சாகும் ஒரு நோய் இருக்கிறது. அந்த நோயைச் சுமந்து பரப்புவது இதே பூச்சி. நோய் பிடித்த எலுமிச்சைக்கு மருந்து கிடையாது. அதனால் இரண்டையும் பக்கத்தில் வைக்காதீர்கள், ஒன்று முன்வாசலில், இன்னொன்று பின்பக்கம் என்று பிரித்துச் சொல்வார். தளிர் வரும் சமயத்தில் இலையின் அடிப்பக்கத்தை வாரம் ஒரு தடவை பார்க்கச் சொல்வார். சுற்று வட்டாரத்தில் வேறு எந்தக் கடையிலும் இதை ஒருவர் எடுத்துச் சொல்லி நான் கேட்டதில்லை. பச்சைப் புழு வந்தால் கையால் பொறுக்கிப் போட்டால் போதும், அது வண்ணத்துப்பூச்சிப் புழு, மருந்து தேவையில்லை என்பார்.

மண்ணுக்கு வருகிறேன். தோட்டத்துக்காரர்கள் சொல்லும் 3:2:1 கணக்குதான் இங்கேயும்: மூன்று பங்கு மேல்மண், இரண்டு பங்கு மக்கிய உரம், ஒரு பங்கு ஆற்றுமணல். சிமெண்ட் தரையில் வைக்கும் பைக்கு இதை அக்கா கொஞ்சம் மாற்றுவார். மண்ணைக் குறைத்து, கரித்த உமியைக் கூட்டுவார். செகாம் பாக்கார் என்று கேட்டால் எல்லாருக்கும் புரியும். எங்கள் ஊரில் மத்தியானம் மூன்று மணிக்கு மேல் மழை இறங்கினால் கொட்டித் தீர்த்துவிடும். வெறும் மேல்மண் நிரப்பிய பை சேறாகி இறுகிவிடும், வேருக்குக் காற்றே போகாது. கரித்த உமி கலந்த பையில் மழை நின்ற கையோடு தண்ணீர் வடிந்துவிடும், மறுநாள் உச்சி வெயிலுக்குத் தேவையான ஈரமும் இருக்கும். உமி கிரியான் பக்கத்து அரிசி ஆலைகளிலிருந்து லோரியில் வருகிறது. மக்கிய உரத்தில் பாதி செம்பனை ஆலையில் பழம் உதிர்த்த வெறுங்குலையை மக்க வைத்தது. தோட்ட ஊரில் இருப்பதில் உள்ள வசதி இது. கலந்த மண் ஒரு பை 5 வெள்ளி. பச்சைக் கோழி எரு கேட்டால் கொடுக்க மாட்டார். சூடு ஆறாத எரு வேரைப் பொசுக்கிவிடும், வேண்டுமானால் பதப்படுத்திய குருணையை வாங்கிக்கொள்ளுங்கள் என்பார்.

உரம் விஷயத்தில் அக்கா சிக்கனக்காரர். பச்சை உரம், நீல உரம் என்று இரண்டே டப்பா. பச்சை என்பது தழை, மணி, சாம்பல் சத்துக் கணக்கில் 15:15:15, செடி உயர்ந்து இலை விடும் வரைக்கும். நீலம் 12:12:17, பூ எடுத்த பிறகு. பைக்கு ஒரு தேக்கரண்டி, தண்டிலிருந்து தள்ளி, ஓரமாக. காசு செலவழிக்கத் தயாராக வருகிறவர்களிடம் பூக்கிற டானிக், வளர்கிற டானிக் என்று பாட்டில் பாட்டிலாகத் தள்ளிவிடுகிற கடைகள் உண்டு. இங்கே அந்த அலமாரியே கிடையாது.

களைக்கொல்லியும் கிடையாது. இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். நர்சரிக்குப் பிறகு அக்கா பல வருடம் தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலை பார்த்திருக்கிறார். முதுகில் டாங்கி, கையில் குழாய், முகத்துக்கு ஒரு துண்டுத் துணி. பாரகுவாட் என்ற களைக்கொல்லியை அடித்த காலத்தில் கை விரல் நகங்கள் கறுத்து, வெடித்து, கழன்று விழுந்ததை அவரே சொன்னார். இப்போதும் இரண்டு நகங்கள் தடித்து, வளைந்துதான் வளர்கின்றன. நாற்றை அவர் திருப்பிப் பார்க்கும்போது அந்த விரல்கள்தான் கண்ணில் படும். இந்த மருந்தை நிறுத்தப்போவதாக 2002இல் அரசாங்கம் சொன்னது. 2006இல் மறுபடி விட்டுக்கொடுத்தார்கள். முழுத் தடை வந்தது 2020 ஜனவரி 1ஆம் தேதிதான். இடைப்பட்ட வருடங்களில் டாங்கியைத் தூக்கியவர்கள் பெரும்பாலும் நம் அம்மாக்களும் அத்தைகளும். என் அம்மாவும் அவர்களில் ஒருத்தி. புல் முளைத்தால் கையால் பிடுங்குங்கள், இல்லாவிட்டால் அட்டைப்பெட்டியை விரித்து மூடுங்கள் என்று அக்கா சொல்வதைக் கேட்கும்போது, அது வெறும் தோட்டக்கலை ஆலோசனையாக எனக்குப் படுவதில்லை.

பூச்சிக்கு அவர் கொடுப்பதும் ஒரு செடிதான். செம்பனைத் தோட்டத்துச் சாலையோரங்களில் காலையில் வெள்ளையாகவும் மஞ்சளாகவும் பூத்து, மத்தியானத்துக்குள் மூடிக்கொள்ளும் பூவைப் பார்த்திருப்பீர்கள். துர்னேரா என்று பெயர். அழகுக்காக நட்டதில்லை. கூட்டைச் சுமந்துகொண்டே செம்பனை ஓலையைத் தின்கிற புழுவுக்கு எதிரியான சின்னக் குளவிகள் அந்தப் பூவின் தேனுக்கு வரும், வந்து புழுவுக்குள் முட்டையிடும். அதற்காகத்தான் தோட்டங்கள் வரிசையாக நட்டு வைத்திருக்கின்றன. மிளகாய் வாங்குகிறவர்களுக்கு அக்கா ஒரு துர்னேராக் குச்சியை இலவசமாகக் கொடுத்துவிடுகிறார். வாசலில் அது பூத்த பிறகு தேனீயும் குளவியும் வருவதைப் பார்க்கிறேன். மிளகாய்ப் பூ முன்பைவிட நன்றாகப் பிடிக்கிறது.

புதினா கேட்டால் விற்க மாட்டார். பாசாரில் வாங்கிய கட்டில் தடித்த தண்டு நாலைத் தண்ணீரில் போட்டு வையுங்கள், வேர் விடும், என்னிடம் எதற்கு 4 வெள்ளி என்று அனுப்பிவிடுவார். சாயூர் மானிஸ், காங்கோங் கீரைத் தண்டுக்கும் அதே பதில். முருங்கைக் குச்சியும் வரிசை வீட்டுக்காரர்களுக்குச் சுலபத்தில் கிடைக்காது. இடுப்பு உயரத்தில் வெட்டிக்கொண்டே இருப்பேன் என்று உறுதி சொன்னால்தான் தருவார்.

வீட்டுக்குள் வைக்கும் செடிகள் இந்தக் கடையின் பலம் அல்ல. மணி பிளான்ட், லிடா ஜின் என்ற பாம்புச் செடி, அக்லோனிமா, கெலாடி என்ற வண்ண இலைச் சேம்பு, சின்னப் பெரணி, அவ்வளவுதான். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து எல்லாரும் வீட்டில் அடைந்து கிடந்த காலத்தில் கெலாடிக்கும் மான்ஸ்தெராவுக்கும் விலை எங்கேயோ போனது. அக்கா அந்தப் பக்கமே போகவில்லை. அரிய வகை தேடுகிறவர்கள் ஈப்போவுக்குப் போவதுதான் நல்லது. ஆனால் உள்ளதை யாருக்குக் கொடுப்பது என்பதில் அதே கவனம். மகள் கோலாலம்பூரில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறாள். பால்கனி மேற்கு பார்த்தது, வரவேற்பறையில் வெளிச்சம் குறைவு. அவளுக்காகக் கேட்டபோது முதல் கேள்வி, "பூனை இருக்கா, தவழ்ற புள்ள இருக்கா?" மணி பிளான்டையும் அக்லோனிமாவையும் கடித்தால் வாயும் தொண்டையும் எரிந்து வீங்கும். அவள் பூனை வளர்க்கிறாள் என்றதும் இரண்டையும் திரும்ப வைத்துவிட்டார். லிடா ஜின்னும் பூனைக்கு ஆகாது என்று அதையும் ஒதுக்கிவிட்டு, உள்ளே வைக்க ஒரு சின்னப் பெரணியும், பால்கனிக்குச் சிலி பாடியும் கறிவேப்பிலையும் கொடுத்தார். இந்தச் செடி வீட்டுக் காற்றைச் சுத்தம் செய்யும் என்று சீட்டு ஒட்டி விற்கும் கடைகளைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பேச்சு 1989ஆம் ஆண்டு நாசா ஆய்வில் கிளம்பியது. அது மூடிய பெட்டிக்குள் செய்த சோதனை. சன்னல் திறந்த சாதாரண வீட்டுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. அக்கா அப்படி ஒரு சீட்டும் ஒட்டுவதில்லை.

செடிகளைப் பழைய நாளிதழில் சுற்றி, பையின் வாயைக் கயிற்றால் கட்டி, மண் கொட்டாமல் ரயிலில் கொண்டுபோகும்படி கொடுத்தார். மகள் ஈ.டி.எஸ். மின்ரயிலில் காலுக்கடியில் வைத்துக் கொண்டுபோனாள். கறிவேப்பிலை அங்கே இப்போது புதுக் கிளை விட்டிருக்கிறது.

கேமரன் மலையிலிருந்து வாங்கி வந்த ரோஜாவும் ஸ்ட்ராபெரியும் ஏன் காய்ந்துபோகின்றன என்று எங்கள் தாமானில் எல்லாருக்கும் ஒரு வருத்தம் உண்டு. அது கடல்மட்டத்திலிருந்து 1,500 மீட்டர் பக்கம் உயரத்தில் இரவுக் குளிரில் வளர்ந்த செடி. இந்தச் சமவெளி வெக்கையில் அதற்குத் தூக்கமே கிடையாது. அக்கா அந்தச் செடிகளை வரவழைப்பதில்லை. கேட்பவர்களுக்குக் கொம்பு ஊன்றி வளர்த்த நாட்டு ரோஜாவைக் காட்டுவார். பூ சின்னது, வாசம் உண்டு, வருடம் முழுக்கப் பூக்கும்.

சரி, குறைகளும் உண்டு. வண்டி நிறுத்த இடம் மோசம். லோரிகள் வேகமாக வரும் சாலையில் பின்பக்கமாக எடுத்துத்தான் வெளியேற வேண்டும். பிள்ளைகளோடு போகிறவர்கள் கவனமாக இருங்கள். எந்தச் செடிக்கும் பெயர்ச்சீட்டு கிடையாது. அக்கா இல்லாத நேரத்தில் கடையைப் பார்க்கும் பையனுக்குக் கத்தரி நாற்றுக்கும் சுண்டைக்கும் வித்தியாசம் சொல்லத் தெரியவில்லை. விலையும் எழுதி வைப்பதில்லை, ஒவ்வொன்றையும் கேட்க வேண்டும். மண்தொட்டிகளின் விலை ஊரில் மற்ற கடைகளைவிடக் கூடுதல். தொட்டியை வேறு இடத்தில் வாங்கிக்கொண்டு, செடியையும் மண்ணையும் மட்டும் இங்கே வாங்குங்கள். கைத்தொலைபேசியில் செய்தி அனுப்பினால் பதில் வராது. கூப்பிட வேண்டும், அதுவும் மத்தியானத்தில்.

தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டு கேட்டால், வெளியில் வைக்கவா என்று கேட்டுவிட்டு, ஆமாம் என்றால் ஒரு பொட்டலம் மணலையும் சேர்த்துக் கொடுப்பார். தட்டில் மணலை நிரப்பினால் ஏடிஸ் கொசு முட்டையிடத் தேங்கிய நீர் இருக்காது. சுகாதார அலுவலகத்தார் டிங்கிச் சோதனைக்கு வரும்போது வாசலில் கொசுப்புழு இருந்தால் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதம் உண்டு. அபராதத்தைவிடக் காய்ச்சல்தான் எனக்குப் பயம். எங்கள் வரிசையில் போன வருடம் ஒரு பிள்ளை பல நாள் மருத்துவமனையில் கிடந்தது.

கடைக்கு நம்மவர்கள் மட்டும் வருவதில்லை. ரெண்டாங்குக்கு மஞ்சள் இலை வேண்டும் என்று மலாய் மக்சிக்கள் மஞ்சள் செடியையும் உலாம் ராஜா கீரை நாற்றையும் வாங்கிப் போகிறார்கள். சீனப் புத்தாண்டுக்கு முன்னால் காய்த்த லீமாவ் கஸ்தூரித் தொட்டிகள் சீக்கிரம் தீர்ந்துவிடும். பொங்கலுக்குக் கொத்து மஞ்சள், கல்யாண வீட்டுக்கு வெற்றிலைக் கொடி, பூஜைக்குத் துளசியும் வில்வமும் என்று நம் ஆட்களுக்கும் ஒவ்வொரு காலத்துக்கு ஒவ்வொன்று. அக்கா மூன்று மொழியிலும் அதே கேள்விகளைத்தான் கேட்கிறார்: வெயில் எத்தனை மணிக்கு வருகிறது?

போகிறவர்களுக்கு: திங்கள்கிழமை அடைப்பு. மற்ற நாள்களில் காலை எட்டுக்குத் திறந்துவிடுகிறார்கள், சாயங்காலம் ஆறு வரை. மழை வந்தால் முன்கூட்டியே மூடிவிடுவார்கள். ரொக்கமும் வாங்குவார்கள், கியூஆர் அட்டையும் தொங்குகிறது. போவதற்கு முன் காலை பத்து மணிக்கும் மத்தியானம் மூன்று மணிக்கும் உங்கள் வாசலைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், அக்கா கண்டிப்பாகக் கேட்பார். பெரிய பைக் கறிவேப்பிலை எப்போதும் இருப்பதில்லை, முந்தின வாரமே சொல்லி வைக்க வேண்டும். தீபாவளிக்கு மிளகாய் காய்க்க வேண்டுமென்றால் ஜூலைக்குள் நாற்று வாங்கி நட்டுவிடுங்கள். அக்டோபர் மழையில் நட்டால் பாதி அழுகிப்போகும்.